ஆறாயிரத்தில் ஒரு சிவப்பு வட்டம்

எங்கள் வீட்டில் குக்கர் விசில் அடிக்காது. விசில் வருவதற்கு ஒரு நொடி முன்பு என் மனைவி போய் அடுப்பை அணைத்துவிடுவாள். அந்த ஒரு நொடி அவளுக்கு எப்படித் தெரியும் என்று என்னைக் கேட்காதீர்கள். இருபத்தாறு வருடமாகக் கூட இருக்கும் எனக்கே ரொம்ப நாள் தெரியாது. வீட்டில் டிவி உண்டு, சத்தம் கிடையாது. கீழே ஓடும் எழுத்தைப் படித்துக்கொள்ள வேண்டும். கதவுக் கீல்களுக்கு மாதம் ஒருமுறை எண்ணெய் விடுவது என் பொறுப்பு. நான் லிஃப்ட் மெக்கானிக். வேலை நேரத்தில் லிஃப்ட் குழிக்குள் நின்றுகொண்டு வாய்விட்டுப் பாடுவேன். வீட்டுக்கு வந்தால் செருப்பைக் கழற்றும்போதே பாட்டையும் கழற்றி வாசலில் வைத்துவிட வேண்டும்.

அவளைச் சொல்லியும் குற்றமில்லை. காது மருத்துவமனை ஒன்றில் கேட்கும் திறனைச் சோதிப்பது அவள் வேலை. சுவரெல்லாம் பஞ்சு பொதித்த, ஒரே ஒரு கண்ணாடி ஜன்னல் வைத்த, பெரிய அலமாரி அளவுக்கு ஓர் அறை. வந்தவரை அதற்குள் உட்காரவைத்து, ஹெட்ஃபோனை மாட்டி, வயரோடு ஒரு பொத்தானைக் கையில் கொடுப்பாள். இவள் வெளியே மெஷின் முன்னால் உட்கார்ந்து குமிழைத் திருகி ஒவ்வொரு சத்தமாக அனுப்புவாள். மெஷினில் எண் ஏற ஏறச் சத்தம் மெல்லிசாகிக் கீச்சென்று மாறும். இருநூற்றைம்பது என்றால் தவளை. எட்டாயிரம் என்றால் கொசுவின் கடைசித் தங்கை.

"சத்தம் கேட்டா அழுத்துங்க. கேக்கலைன்னா சும்மா இருங்க. யூகிச்சு அழுத்தாதீங்க."

இந்த மூன்று வாக்கியத்தையும் ஒரு நாளைக்கு இருபது தடவை சொல்வாள். தூக்கத்திலும் சொல்லியிருக்கிறாள். பிறகு ஒரு கட்டம் போட்ட தாளில் வலது காதுக்குச் சிவப்பு வட்டமும் இடது காதுக்கு நீலத்தில் பெருக்கல் குறியும் போட்டு, கோடு இழுத்து இணைப்பாள். குறி கீழே இறங்க இறங்கக் காது மோசம் என்று அர்த்தம். வேலைக்குச் சேர்ந்த புதிதில் என்னையும் அந்தப் பெட்டிக்குள் உட்காரவைத்துப் பார்த்தாள். என் குறிகள் எல்லாம் தாளின் உச்சியில் வரிசையாக நின்றன. "மோட்டார் சத்தத்துல கிடக்கற மனுஷனுக்கு இவ்வளவு நல்ல காதா" என்று அவள் ஆச்சரியப்பட்டதுதான் என் வாழ்க்கையில் நான் வாங்கிய ஒரே பாராட்டுப் பத்திரம்.

திங்கட்கிழமை காலையில் அவளுக்கு முதல் வேலை மெஷினைச் சரிபார்ப்பது. வருடத்துக்கு ஒருமுறை கம்பெனி ஆட்கள் வந்து அளந்து சீட்டு ஒட்டிவிட்டுப் போவார்கள். மற்ற வாரங்களில் அவளே ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு எல்லாச் சத்தத்தையும் ஒருமுறை கேட்டுப் பார்ப்பாள். வழக்கமாக எந்த அளவில் கேட்குமோ அதே அளவில் கேட்டால் மெஷின் சரி. அதாவது, அந்த மெஷினுக்கு அளவுகோல் அவள் காது.

ஒரு திங்கட்கிழமை சிடுசிடுவென்று வீட்டுக்கு வந்தாள்.

"ஆறாயிரம் வீக்கா வருதுங்க. மத்ததெல்லாம் சரியா இருக்கு, அது மட்டும் அமுங்கிப் போயிருக்கு."

மெஷினைக் கம்பெனிக்கு அனுப்பினார்கள். 'பழுது இல்லை' என்ற சீட்டோடு திரும்பி வந்தது. மறுபடி அனுப்பினாள், மறுபடி அதே சீட்டு. குரலை உயர்த்தியே பேசாத என் மனைவி போனில் அந்த ரிப்பேர்க்காரரைப் பிடி பிடியென்று பிடித்தாள். நானும் என் பங்குக்கு எரிகிற நெருப்பில் எண்ணெய் ஊற்றினேன். "மெஷினைத் திறந்தே பாத்திருக்க மாட்டானுங்க. உன் காதை நம்பாம வேற எதை நம்பறது?" என்றேன். அந்த வாக்கியத்தை நினைத்தால் இப்போதும் எனக்கு என்மேலேயே எரிச்சல் வருகிறது.

கடைசியில் அவளே ஒரு வழி செய்துகொண்டாள். மெஷின் ஆறாயிரத்தைக் குறைத்துத் தருகிறது. அப்படியென்றால் நோயாளியின் காது தாளில் தெரிவதைவிட நன்றாகத்தான் இருக்க வேண்டும். ஆகவே எல்லாருடைய தாளிலும் அந்த ஒரு இடத்தில் மட்டும் குறியைப் பத்து டெசிபல் மேலே தூக்கிப் போட்டாள். இரண்டு மாதத்தில் அது பதினைந்தானது. பிறகு இருபது. டாக்டரிடம் சொல்லவில்லை. சொன்னால் அவர் சீட்டைக் காட்டுவார், வீண் வாக்குவாதம் என்று விட்டுவிட்டாள்.

அந்தச் சமயத்தில்தான் கம்பி வந்தான். கிடார் வாசிப்பவன், முதுகுவரை முடி, முப்பத்தைந்து வயது இருக்கும். பெயர் சொன்னானாம், அவளுக்குக் கம்பி என்றுதான் நின்றது. மூன்று வருடமாக அவன் வலது காதுக்குள் ஒரு சத்தம். விழித்திருக்கும் நேரமெல்லாம் நிற்காத ஒரே சுரம். அது எந்தச் சத்தம் என்று மெஷினை வைத்துத் தேடிப் பிடிக்க முடியும். அனுப்புவதுதான் இவள் வேலை. கேட்பதும் ஒப்பிடுவதும் அவன் வேலை.

"இதா?"

"இன்னும் மேல."

"இதா?"

"கிட்ட வந்துடுச்சு. கொஞ்சம் கீழ."

நாற்பது நிமிடம். குமிழ் ஆறாயிரத்தில் வந்து நின்றதும் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவன் முகம் மாறியது. "இதுதான். இதேதான்" என்று சொல்லிவிட்டு அவன் அழுதான். தன்னைத் தவிர உலகத்தில் இன்னொரு பொருளும் அந்தச் சத்தத்தைப் போடும் என்று அவனுக்கு அதுவரை தெரியாது. எண்ணை எழுதி வாங்கிக்கொண்டான், அவன் தாளின் நகலையும் கேட்டு வாங்கிக்கொண்டான். பிறகு இவளைப் பார்த்து, "எனக்குள்ள இருந்தது என்னன்னு காட்டிட்டீங்க. நான் வெளிய போடறதையும் ஒருதரம் கேளுங்களேன்" என்றான்.

மதிய இடைவேளை. இவள் பெட்டிக்குள் போய் உட்கார்ந்தாள். அவன் தன் போனை மெஷினோடு இணைத்தான். இருபத்திரண்டு வருடத்தில் அந்த ஹெட்ஃபோனுக்குள் முதல்முறையாகப் பாட்டு வந்தது.

அன்று மாலை அவள் செருப்போடு வீட்டுக்குள் வந்தாள். சமையலறையில் நின்றபடி ஜன்னலைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். எங்கள் வீட்டில் குக்கர் மூன்று விசில் அடித்தது. நான் ஓடிப்போய் அணைத்தேன்.

"என்ன ஆச்சும்மா உனக்கு?"

"சத்தத்துக்கு நிறம் இருக்குங்க," என்றாள். "முதல்ல ஊதா வந்துச்சு. அப்புறம் சுவரே இல்ல. அந்தப் பஞ்சு, கண்ணாடி, நாற்காலி எல்லாம் மெதுவா இளகிப் போச்சு. ஒரே பாட்டு, பதினெட்டு நிமிஷம். ஒரு இடத்துல கிடார் பின்பக்கமா நடக்குது. இத்தனை வருஷம் சத்தத்தைத் துண்டு துண்டா நறுக்கிக் குடுத்துக்கிட்டு இருந்திருக்கேன். முழுசா அது எப்படி இருக்கும்னே எனக்குத் தெரியல."

சைக்கடெலிக் ராக் என்று பெயராம். எனக்குக் கிடார் முன்பக்கமாக நடந்தாலே பிடிக்காது. ஆனால் அந்த வாரமே பழைய ஸ்பீக்கர் இரண்டை அவளே தூக்கிக்கொண்டு வந்தாள். விடுமுறை நாளில் மதியச் சாப்பாடு முடிந்ததும் திரைச்சீலையை இழுத்துவிட்டு, தரையில் மல்லாந்து படுத்து, இரண்டு ஸ்பீக்கருக்கும் நடுவில் தலையை வைத்துக்கொள்வாள். திரைச்சீலை மஞ்சள் நிறம். அறை முழுக்க மஞ்சளாகி, அவள் முகமும் மஞ்சளாகி, பாட்டு பாட்டுக்குப் போய்க்கொண்டே இருக்கும். நான் அவளைத் தாண்டித் தாண்டி நடந்து குக்கரை அணைப்பேன். அந்த நாட்களில் குக்கர் தினமும் விசில் அடித்தது. எல்லாம் இந்தப் பாட்டு மயக்கம் என்று நினைத்துக்கொண்டேன். வெளியூரில் படிக்கும் மகள் போனில், "அப்பா, பின்னாடி என்ன சத்தம், வீடு இடிக்கறாங்களா?" என்று கேட்டாள். "உங்கம்மா ஓய்வெடுக்கறா" என்றேன்.

பொறாமை இருந்ததா என்றால், இருந்தது. அந்த முடிக்காரன்மேல் இல்லை. கண்ணை மூடிக்கொண்டு அவள் எங்கேயோ போனாள், என்னைக் கூப்பிடாமல் போனாள். அதுதான் வலித்தது.

ஒருநாள் அவள் கைப்பையிலிருந்து கம்பி கொடுத்த அழைப்புத் தாளை எடுத்து நீட்டினாள். ஒரு பெரிய காது, அதற்குள் இறங்கும் படிக்கட்டு, படிக்கட்டில் ஏறி வரும் மீன்கள். எழுத்தெல்லாம் வெயிலில் வைத்த மெழுகு மாதிரி இளகி ஓடியிருந்ததால் இடம் எது, நேரம் எது என்று படிக்க எனக்குக் கால் மணி நேரம் ஆனது. ஞாயிறு மாலை நாலு மணி, பழைய மரச்சாமான் கிடங்கின் அடித்தளம். அண்டர்கிரவுண்ட் ஓவியமும் இசையும்.

"நீங்களும் வாங்க," என்றாள். அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் போனேன், இசைக்காக இல்லை.

இருபத்தோரு படி இறங்கினோம். கீழே ஈரச் சுண்ணாம்பும் பெயின்ட்டும் கலந்த வாசனை. ஓவியம் எல்லாம் கம்பியின் அக்காவுடையது. பழைய எக்ஸ்ரே ஃபிலிம்களில் நிறம் ஊற்றி, பின்னால் விளக்கு வைத்துத் தொங்கவிட்டிருந்தாள். யாருடையதோ விலா எலும்புகளுக்கு நடுவே பச்சைக் கிளிகள். ஒரு முழங்காலுக்குள் சூரியன் மறைந்துகொண்டிருந்தது. இன்னொரு மூலையில் இரண்டு கண்ணாடித் தட்டுகளுக்கிடையே எண்ணெயும் சாயத் தண்ணீரும் வைத்து, விளக்கு அடித்து, அதைக் கையால் அசைத்துக்கொண்டிருந்தாள். கூரை முழுக்கச் சிவப்பும் நீலமும் ஒன்றையொன்று விழுங்கி மூச்சு விட்டன. சிரிக்கலாம் என்று நினைத்துத்தான் வந்திருந்தேன், சிரிப்பு வரவில்லை.

எதிர்ச் சுவரில், தரையிலிருந்து கூரைவரை, கட்டம் போட்ட ஒரு பெரிய படம். மேலே இடதுபக்கம் சிவப்பு வட்டங்கள் நேராக வந்து, பிறகு பள்ளத்தாக்கில் இறங்கி, மறுபடி கொஞ்சம் ஏறின. வட்டம் ஒவ்வொன்றும் சாப்பாட்டுத் தட்டு அளவு. பள்ளத்தில் ஆறு ஓடியது, கரையில் சின்னச் சின்ன வீடுகள்.

"அது நான் போட்ட தாளுங்க," என்று என் மனைவி என் கையைப் பிடித்தாள். "கம்பியோட வலது காது." தன் கையெழுத்தைச் சுவரளவுக்குப் பார்த்த சந்தோஷத்தில் அவள் பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி நின்றாள்.

நாற்பது பேர் தரையில் உட்கார்ந்தோம். நாங்கள் உட்காரும்போதே ஒரு விசில் சத்தம் இருந்தது. மெல்லியது, ஊசி மாதிரி. ஒயரில் எங்கேயோ எர்த் சரியில்லை என்று நினைத்தேன். பிறகு டிரம் ஆரம்பித்தது. பழைய லிஃப்ட் ஒவ்வொரு மாடியாகத் தாண்டும்போது வருமே, அந்த மாதிரி நிதானமான டக், டக். அதன் அடியில் தடித்த கிடார் ஒன்று, மோட்டார் அறைத் தரை போல அதிர்ந்தது. அதன்மேல் கம்பியின் கிடார் ஒரே ஒரு சுரத்தைப் பிடித்து இழுத்தது. இழுத்துக்கொண்டே போனது. அறுந்துவிடும் என்று நான் பயந்த இடத்தில் அது வளைந்து, கூரையிலிருந்த நிறத்துக்குள் ஏறியது. லிஃப்ட் கூண்டின் கூரைமேல் நின்று இருட்டில் மேலே மேலே போகும்போது, சிலசமயம் நான் போகிறேனா, கட்டிடம் கீழே இறங்குகிறதா என்று தெரியாமல் போகும். முப்பது வருடமாக யாரிடமும் சொல்லாத அந்த உணர்வை யாரோ என் சட்டைப் பையிலிருந்து எடுத்து வாசித்தார்கள். நான் என் மனைவியைப் பார்த்தேன். அவள் கண் மூடியிருந்தது. இப்போது நானும் அங்கேதான் இருந்தேன்.

எல்லாம் சரி, அந்த விசில் மட்டும் என்னை விடவில்லை. நடுவில் பாட்டு தணிந்தபோது அவள் காதருகே குனிந்தேன்.

"அந்த விசிலை யாராவது நிறுத்தச் சொல்லக்கூடாதா? வந்ததுலேருந்து காதைக் குடையுது. நான் போய் அந்த ஒயரைப் பாக்கட்டுமா?"

அவள் கண்ணைத் திறந்தாள். "எந்த விசில்?"

"இதோ, இப்பவும் அடிக்குதே. மெல்லிசா. ஊசி மாதிரி."

அவள் தலையை இந்தப் பக்கம் திருப்பினாள், அந்தப் பக்கம் திருப்பினாள். பிறகு அழைப்புத் தாளின் பின்பக்கத்தைத் திருப்பி அந்த இளகின எழுத்தை எனக்கு விரலால் காட்டினாள். பாட்டின் பெயர் அங்கே இருந்தது: ஆறாயிரம். தன் காதுக்குள் ஓடும் சத்தத்தை ஒரு கருவியில் வைத்து, முதலிலிருந்து கடைசிவரை ஓடவிட்டு, அதன்மேல்தான் கம்பி முழுப் பாட்டையும் கட்டியிருந்தான்.

"எப்ப ஆரம்பிக்கும்னு நான் காத்துக்கிட்டு இருக்கேன்," என்றாள் அவள்.

எனக்கு எங்கள் வீட்டுக் குக்கர் ஞாபகம் வந்தது. விசில் வருவதற்கு முன் குக்கர் மெதுவாகச் சீறும். அந்தச் சீறலைக் கேட்டுத்தான் அவள் இத்தனை வருடம் எழுந்து போயிருக்கிறாள் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவள் மெஷினைப் பற்றி யோசித்துக்கொண்டிருந்தாள். கம்பெனியிலிருந்து வந்த இரண்டு சீட்டையும் யோசித்திருப்பாள். பாட்டு மறுபடி எழுந்தது, நிறங்கள் ஓடின, அவள் அசையாமல் அந்தச் சுவரையே பார்த்தாள்.

முடிந்ததும் எல்லாரும் கைதட்டினார்கள். அவள் எழுந்து நேராகச் சுவரிடம் போனாள். கம்பியும் அவன் அக்காவும் பாராட்டு வரப்போகிறது என்று சிரித்துக்கொண்டு வந்தார்கள்.

"இந்த வட்டம் தப்பு," என்றாள் என் மனைவி, பள்ளத்தில் இருந்த ஒரு வட்டத்தின்மேல் கையை வைத்து. "ஆறாயிரத்துல இருக்கறது. இருபது கீழ இறங்கணும். நான்தான் தப்பாப் போட்டேன். மெஷின் சரியாத்தான் இருந்துச்சு. என் காதுதான் சரியில்ல."

கம்பி தன் வலது காதைத் தொட்டுப் பார்த்தான். பிறகு, "அப்ப என் காது இன்னும் மோசமா?" என்று கேட்டான்.

"ஆமா. நாளைக்கே வாங்க. திரும்பப் பாக்கணும். இனிமே ஸ்பீக்கர் பக்கத்துல காதை மூடிக்காம நிக்காதீங்க."

"உங்களுக்கு?"

அவள் தன் கையைப் பார்த்தாள். பெயின்ட் இன்னும் காயவில்லை, உள்ளங்கை சிவப்பாக இருந்தது. அக்கா தூரிகையை எடுத்து வந்து, பழைய வட்டத்தை அழிக்காமல், ஆற்றுக்குள் முழுகின மாதிரி இருபது கீழே இன்னொரு வட்டம் போட்டாள்.

வீட்டுக்கு நடந்து வரும்போது அவள் அழுதாள். நான் எதையாவது சொல்லித் தேற்றலாம் என்று ஆரம்பித்து, எல்லாம் உளறலாக வந்ததால் நிறுத்திக்கொண்டேன். எனக்கும் அழுகை வந்தது. அவளுக்கு அந்தக் காதுதான் எல்லாம். கண் போனால்கூட இப்படி உடைந்திருக்க மாட்டாள்.

மறுநாள் திங்கட்கிழமை. நான் லீவு போட்டுவிட்டுக் கூடப் போனேன். எட்டு மணிக்கு அவள் பெட்டிக்குள் உட்கார்ந்து பொத்தானைக் கையில் எடுத்துக்கொண்டாள். குமிழைத் திருகியது நான். எதை எப்படித் திருகுவது என்று கண்ணாடி வழியாக விரலால் காட்டினாள். மூவாயிரம்வரை பட் பட்டென்று அழுத்தினாள். அதற்குமேல் தயங்கினாள். ஆறாயிரத்தில் நான் சத்தத்தைக் கூட்டிக்கொண்டே போனேன், அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். என் முகத்தைப் பார்த்து யூகித்து அவள் அழுத்தியிருக்கலாம். கடைசிவரை அப்படி அழுத்தவில்லை.

டாக்டர் அவள் சொன்னதைக் கேட்டுப் பத்து நிமிடம் சத்தம் போட்டார். நியாயமான கோபம், நானாக இருந்தாலும் போட்டிருப்பேன். பிறகு அவர் அவள் காதைப் பார்த்துவிட்டு, நரம்பு மெல்லத் தளர்கிறது, இருப்பதைக் காப்பாற்றலாம், போனதைக் கொண்டுவர முடியாது என்றார். குறியைத் தூக்கிப் போட்ட அந்த ஆறு மாதத்தில் வந்த அத்தனை பேரையும் அவளே போனில் கூப்பிட்டாள், ஒவ்வொருவரிடமும் "என் தப்பு" என்று சொன்னாள். சிலர் திட்டினார்கள். எல்லாரையும் திரும்பச் சோதித்து முடிக்க ஐந்து வாரம் ஆனது. வேலை போகவில்லை. ஆனால் மெஷினுக்கு அளவுகோலாக வேறொரு காது வேண்டும் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

இப்போது திங்கட்கிழமைதோறும் எட்டு மணிக்கு அந்தப் பெட்டிக்குள் நான் உட்காருகிறேன். இருபத்தாறு வருடக் குடித்தனத்தில் என்னை யாரும் இவ்வளவு மதித்ததில்லை. "கேட்டா அழுத்துங்க, யூகிக்காதீங்க" என்று அவள் எனக்கும் சொல்கிறாள், யாரோ புது நோயாளியிடம் சொல்வதுபோல. வீட்டில் குக்கரை அணைப்பதும் என் பொறுப்பில் வந்துவிட்டது. பாடவும் அனுமதி உண்டு. என் குரல் கீழ்க்கட்டைதானாம், அது அவளுக்கு நன்றாகவே கேட்கிறதாம்.

போன மாதம் மறுபடி அந்த இருபத்தோரு படி இறங்கினோம். கம்பி காதில் அடைப்பு வைத்திருந்தான். அவன் அக்கா என் மனைவியின் தாளையும் கேட்டாள், சுவரில் போடுவதற்கு. "என்னது எனக்கே இருக்கட்டும்" என்று இவள் சிரித்து மறுத்துவிட்டாள். சுவரோரமாக உட்கார்ந்தோம், முதுகில் தடித்த கிடாரின் அதிர்வு படும்படியாக. கூரையில் நிறங்கள் மூச்சு விட ஆரம்பித்தன.

அவள் தன் வலது கையை என் மடியில் வைத்து, உள்ளங்கையைத் திறந்து வைத்தாள்.

"கேட்டா அழுத்துங்க," என்றாள்.

ஊசி மாதிரி அந்தச் சத்தம் வந்தது. நான் அவள் கையை அழுத்தினேன். பதினெட்டு நிமிடம், பாட்டு முடியும்வரை, விடவில்லை.